முதலில் முத்திரை, பிறகு கோப்பு

ஊர் உலகத்துத் தரவையெல்லாம் கூலாய், செடெனாக் தரவு மையங்களில் குளிரூட்டிக் காக்கிறது ஜொகூர். ஆனால் சொந்த அலுவலகத் தரவைத் தரம் பிரிக்கச் சொன்னால், இங்கே முதலில் தேடுவது ரப்பர் முத்திரையை. இது அரசாங்கம் பழக்கிய பழக்கம். 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தில் ரஹ்சியா பெசார், ரஹ்சியா, சுலிட், தெர்ஹாட் என நான்கு இரகசியப் படிகள் உண்டு. ஓர் ஆவணம் இரகசியம் என்று மாநிலத்தின் மந்திரி பெசார் சான்று தந்துவிட்டால் எந்த நீதிமன்றமும் அதைக் கேள்வி கேட்கலாகாது என்பது 16ஏ பிரிவு. அவ்வளவு வசதியான முத்திரையை யார்தான் விடுவார்? தனியார் நிறுவனமும் ஆண்டு விருந்தின் சாப்பாட்டுப் பட்டியலுக்கு 'சுலிட்' குத்துகிறது. சம்பளப் பட்டியலோ மைகாட் அடையாள அட்டை எண்களோடு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அந்த எண்ணின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், கடைசி இலக்கம் ஆணா பெண்ணா என்பது. ஒரே எண்ணில் பாதி ஜாதகம்!

"நாங்கள் சின்னக் கம்பெனி, எங்களிடம் என்ன ரகசியம்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கேட்பது கம்பெனியின் ரகசியத்தை அல்ல, வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த விவரத்தை. (மத்திய, மாநில அரசுகளுக்கு அது பொருந்தாது, சட்டம் எழுதியவர்களுக்குத் தங்கள் மேல் அத்தனை நம்பிக்கை.) ஆகவே முத்திரைக்கு முன்னால் ஒரு சாதாரணப் பட்டியல் வேண்டும்: எது, எங்கே, யார் கையில். அதே சட்டப்படி 2025 ஜூன் முதல், பெரும் பாதிப்பு தரக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். பட்டியல் இல்லாத அலுவலகம் அதில் முதல் 70 மணி நேரத்தை, கசிந்தது எந்தக் கோப்பு என்று தேடுவதில் கழிக்கும்.