பழைய வாள், புதிய உலை

கேள்வி: ராயபுரம் பட்டறையில் பழைய கப்பல் தகட்டை அடித்து, பழங்கால ஆதிச்சநல்லூர் வாளை நாடகத்துக்கு அச்சு அசலாகச் செய்ய முடியுமா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: உருவம் வரும், உள்ளே இருக்கும் இரும்பு வராது. அன்றைய இரும்பு கரி உலையில் உருகாமலே பிறந்தது. சம்மட்டி அடியில்தான் கசடு கழிந்தது. கப்பல் தகடோ ஆலையில் உருக்கி வார்த்த எஃகு. பழந்தமிழ் ஊரான கொடுமணலில் செய்த உருக்கு இன்னும் பிடிவாதக்காரன். இரும்பையும் கரிப்பொருளையும் மூசையில் மூடிக் காய்ச்ச வேண்டும். சூடு மிஞ்சி அடித்தால் நொறுங்கிவிடும். இவ்வகை உருக்கில் எழும் டமாஸ்கஸ் வரிகளை மீட்க, அமெரிக்கக் கொல்லர் ஆல்ஃபிரட் பென்ட்ரேவும் பேராசிரியர் ஜான் வெர்ஹோவனும் பல ஆண்டுகள் உழைத்தார்கள். முதலில் எழும்பூர் அருங்காட்சியகம் போய் ஆதிச்சநல்லூர்ப் பொருள்களைப் பாருங்கள். மேடைக்கான வாளின் கூரை மழுக்குங்கள். செய்த ஆண்டைப் பொறியுங்கள். ஆண்டைச் சொன்னால் கலை, மறைத்தால் மோசடி!