கூட்டின் இடம் சொல்லக் கூடாது

பறவை பார்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழு எந்த ஊரில் இருந்தாலும் அதன் அட்மின் சார் ஒரே ஆள்தான். வங்கியிலோ பொதுப்பணித் துறையிலோ ஓய்வு பெற்றவர். உடம்பெல்லாம் பை வைத்த காக்கிச் சட்டை. கழுத்தில் பைனாகுலர். 1941-இல் முதன்முதலாக வெளிவந்த சாலிம் அலியின் பறவைப் புத்தகத்தின் ஏதோ ஒரு பதிப்பு, அட்டை பிய்ந்து, ஒட்டப்பட்டு, மறுபடி பிய்ந்து, அவர் கைப்பையில் இருக்கும். அமாவாசைக்கு மொட்டைமாடியில் சோறு வைக்கும்போதுகூட, வந்திருப்பது வீட்டுக்காக்கையா அண்டங்காக்கையா என்று பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகுதான் முன்னோர்களைக் கும்பிடுவார்.

இங்கே நான் சொல்லப் போகிறவர் தென்சென்னைக்காரர். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு 2022-இல் ராம்சர் என்கிற சர்வதேச ஈரநிலத் தகுதி கிடைத்தபோது தனக்கே ஏதோ பட்டம் கிடைத்த மாதிரி தெருவுக்கெல்லாம் மைசூர்பா கொடுத்தவர். அவருடைய குழுவின் முகப்பில் அவரே எழுதி வைத்திருக்கும் வாசகம்: "குடும்பத்தோடு சேரலாம். குழந்தைகளுக்கு மிகவும் ஏற்றது."

இதை நம்பித்தான் பெற்றோர் வருகிறார்கள். பிள்ளை எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறானே, மரம் செடி பார்க்கட்டும், வெயில் படட்டும் என்று சேர்த்துவிடுகிறார்கள். அதற்கும் போன்தான் வேண்டும் என்பது சேர்ந்த பிறகு தெரிகிறது. முன்பு விளையாட்டுக்காகப் போனைப் பிடுங்கியவன் இப்போது கல்விக்காகப் பிடுங்குகிறான். திட்டவும் முடியாது.

வாட்ஸ்அப்பில் தன் பொறுப்பில் கணக்கு வைக்க 13 வயது நிரம்பியிருக்க வேண்டும். அந்தப் 13 வந்த வழி, குழந்தைகளின் தகவல்களைப் பற்றி அமெரிக்காவில் 1998-இல் போட்ட ஒரு சட்டம். நம் நாட்டில் 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமோ 18 வயதுக்குக் கீழே எல்லாரும் குழந்தை, பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அட்மின் சாருக்கு இந்த இரண்டும் தெரியாது. அவருக்குத் தெரிந்த ஒரே சட்டம் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். அதில் எந்தப் பறவை எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். 2022-இல் அதைத் திருத்திப் பட்டியல்களை மாற்றியமைத்தார்கள். அதிலிருந்து அவருக்குத் தூக்கமும் சரியாக இல்லை.

குழுவில் காலை வணக்கம் போடக் கூடாது, அரசியல் கூடாது, இரவு ஒன்பதுக்கு மேல் பேச்சே கூடாது. ஒருமுறை இரவு பதினொன்றரைக்கு ஒருவர், வேறு குழுவுக்குப் போக வேண்டிய ஒரு வீடியோவை இங்கே இறக்கிவிட்டார். அதில் பறவை எதுவும் இல்லை. அட்மின் சார் அழிப்பதற்குள் ஏழெட்டுப் பேர் பார்த்துவிட்டார்கள். எல்லாரும் பெரியவர்கள், எல்லாரும் தூங்கிவிட்டதாகச் சொன்னவர்கள். போட்டவர் "கை தவறிவிட்டது" என்று எழுதிவிட்டு ஒரு மாதம் கண்ணில் படவில்லை. பிறகு மயில் படம் ஒன்றோடு திரும்பி வந்தார்.

ஆனால் அட்மின் சாரை நிஜமாகவே திணற அடிப்பது மனிதர்கள் இல்லை, பறவைகள்தான். வைரி ஒன்று ஓணானைக் கிழித்துத் தின்கிற படத்தை யாராவது போட்டால் பிள்ளைகள் துள்ளிக் குதிக்கிறார்கள், எந்தத் தாயும் தகப்பனும் ஆட்சேபிப்பதில்லை. இரண்டு மாடப்புறாக்கள் ஒன்றன்மேல் ஒன்று இருந்தால்தான் "சார், குழந்தைகள் இருக்கிற குழு" என்று செய்தி வருகிறது. இத்தனைக்கும் பறவைக் கணக்கு ஏற்றுகிற ஈபேர்ட் செயலியில் அதைக் குறிக்கவும் குறியீடு உண்டு. அறிவியலுக்கு வேண்டிய தகவல், ஆனால் அப்பார்ட்மெண்ட் சங்கத்துக்கு ஆகாத தகவல்.

மழைக்காலத்தில் ஒருவர் பெரும்பாக்கத்திலிருந்து நீளவால் இலைக்கோழி படம் போட்டார். அல்லி இலைமேல் நாலு குஞ்சுகள், பக்கத்தில் பெரிய பறவை ஒன்று.

"அங்கிள், இது அம்மாவா அப்பாவா?" குரல்பதிவில் ஒரு சிறுமி.

"அப்பா, பாப்பா."

"அம்மா எங்கே?"

அட்மின் சார் தட்டச்சு செய்கிறார் என்று திரையில் வெகுநேரம் காட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் வந்த பதில்: "அம்மா வேலைக்குப் போயிருக்காங்க."

குழுவில் ஓர் ஆராய்ச்சி மாணவி இருந்தார். அவருக்கு இந்தச் சமாளிப்பெல்லாம் தெரியாது. இந்த இனத்தில் பெட்டை முட்டையிட்டு ஆணிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த ஆணிடம் போய்விடும், அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆணின் பொறுப்பு என்று அப்படியே எழுதிவிட்டார். குழு மூச்சைப் பிடித்துக்கொண்டது. சிறுமிக்கு ஒழுக்கக் கவலை எதுவும் எழவில்லை. "எங்க அப்பாவுக்கு முட்டை அவிக்கக்கூடத் தெரியாது" என்று மட்டும் சொன்னாள். அப்பா அதே குழுவில்தான் இருந்தார்.

நாகரிகம் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். இந்த மாதிரிக் குழுக்களில் குழந்தைகள் கேட்கக் கூடாத பேச்சு எப்போது வருகிறது என்றால், வானத்தில் எட்டத்தில் பறக்கிற பருந்தை இன்னதென்று சொல்லும்போதுதான். ஒரு மங்கலான படம். மூத்த உறுப்பினர் ஒருவர் அரிய கழுகு என்றார். இன்னொரு மூத்தவர், லென்ஸ் வாங்கினால் போதாது, கண்ணும் வாங்க வேண்டும் என்றார். "தாங்கள்", "தங்கள்" என்று ஆரம்பித்து, "உங்க", "உன்னோட" வழியாக, 2017-இல் யார் யாரை வேடந்தாங்கலில் காரில் ஏற்றாமல் விட்டுவந்தார் என்பதுவரை போயிற்று. இரண்டு பேருமே நடுநடுவே "குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதால் இத்தோடு நிறுத்துகிறேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்தாமல் தொடர்ந்தார்கள். அந்தக் குழந்தைகளில் ஒன்று குறுக்கே வந்து, "அங்கிள், வால் நடுவுல பிளந்திருக்கு. அது கள்ளப்பருந்து" என்று எழுதியது. நம் வீட்டு மாடிக்குமேல் தினம் வட்டமடிக்கிற அதே பறவைதான். இருவரும் கட்டைவிரலை உயர்த்திவிட்டு ஒதுங்கினார்கள்.

இவர்களுக்கெல்லாம் மேலே ஒரு மேடம் இருந்தார். முகப்புப் படத்தில் பிள்ளையார். அதிகம் பேச மாட்டார். குளிர்காலத்தில் வந்து புதருக்குள் ஒளிந்து திரியும் கதிர்க்குருவிகள் எல்லாம் ஒரே பழுப்பு. அவற்றைப் பிரித்துச் சொல்வது பெரிய பெரிய ஆட்களுக்கே தண்ணி காட்டுகிற வேலை. மேடம் மட்டும், "டக் டக்னு நாக்கைச் சொடுக்கற மாதிரி கத்துதா? அப்போ பிளித் நாணல் கதிர்க்குருவி" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். மேடம் சொன்னால் மறுபேச்சில்லை. ஒரு கல்லூரி விலங்கியல் துறை சிறப்புரைக்கு ஆள் கேட்டபோது அட்மின் சார் யோசிக்காமல் அந்த எண்ணைக் கூப்பிட்டார்.

"மேடம், கதிர்க்குருவிகளைப் பத்தி ஒரு அரைமணி நேரம் பேசணும்."

"எந்தக் குருவி சார்? நான் குக்கர் வெச்சிருக்கேன். பையன் ஸ்கூல்லேர்ந்து வந்ததும் பேசச் சொல்றேன்."

பையன் ஐந்தாம் வகுப்பு.

சிரித்துத் தீர்த்தோம். ஆனால் பத்து வயதுப் பையன் ஒரு வருஷம் மேடமாக உலவ முடிந்த இடத்தில் ஐம்பது வயதுக்காரர் பத்து வயதுப் பையனாக உலவவும் வழி உண்டே என்று யாருக்கும் தோன்றவில்லை. குழுவில் இருக்கிற அத்தனை பேருக்கும் அந்த எண் தெரியும். எண்ணைத் தொட்டால் தனிச்செய்தி போகும். கொக்கு மாதிரி நீண்ட லென்ஸ் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், பையன் என்று தெரிந்ததும் பாசம் பொங்கி, "கண்ணா, ஆந்தை காட்டறேன், சாயங்காலம் ஏரிக்கரைக்கு வா" என்று தனியாகவே செய்தி அனுப்பினார். வெள்ளை மனசுக்காரர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வெள்ளை மனசுக்காரர் அனுப்பினாலும் அந்த மனசு இல்லாதவர் அனுப்பினாலும் திரையில் தெரிகிற செய்தி ஒன்றுதான். அட்மின் சாருக்கு அந்த வாரம் இருந்த கவலை வேறு. போனில் "கதிர்க்குருவி மேடம்" என்று சேமித்ததை எப்படி மாற்றுவது?

பொங்கல் வந்தது. 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாட்டில் நாலு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எண்ணி ஈபேர்டில் ஏற்ற வேண்டும். பிள்ளைகளோடு செய்வதற்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரிந்து இல்லை. கரும்பு கடித்துக்கொண்டே கூடச் செய்யலாம். அன்று ஒரே காலையில் இரண்டு படங்கள் குழுவுக்கு வந்தன.

முதல் படத்தைப் போட்டவர் புது உறுப்பினர். தூங்குமூஞ்சி மரப்பொந்தில் புள்ளி ஆந்தைக் குடும்பம், கூடவே கூகுள் மேப் இடக்குறி. இரண்டு நிமிடத்துக்குள் அட்மின் சார் அதை அழித்துவிட்டார். பின்னாலேயே நீண்ட குரல்பதிவு. கூட்டின் இடத்தைச் சொல்லவே கூடாது. சொன்னால் நாளைக் காலை இருபது கேமரா வந்து நிற்கும். மறைக்கிற கிளையை ஒடிப்பார்கள். கிளை போனால் காக்கை பார்க்கும். பெரிய பறவை பயந்து கூட்டை விட்டுப் போனால் குஞ்சு செத்துப்போகும். ஆபத்தில் இருக்கிற சில பறவைகளுக்கு ஈபேர்டே சரியான இடத்தைக் காட்டாமல் 20 கிலோமீட்டர்க் கட்டம் ஒன்றைத்தான் காட்டுகிறது, தெரியுமா? பேசி முடிக்கும்போது அவர் தொண்டை அடைத்திருந்தது.

இரண்டாவது படத்தைப் போட்டவர் அட்மின் சாரே. பைனாகுலரோடு ஆறாம் வகுப்புச் சிறுமி, பள்ளியின் பெயர் அச்சடித்த சட்டை. கீழே அவர் கைப்பட: முழுப்பெயர், வகுப்பு, குடியிருப்பின் பெயர், "ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் தன்னந்தனியாக ஏரிக்கரையில் பறவைகளைக் கணக்கெடுக்கும் நம் குழுவின் இளம் நட்சத்திரம்! அனைவரும் பகிரவும்." பகிர்ந்தார்கள். மதியத்துக்குள் கொட்டிவாக்கம் கோலப்போட்டிக் குழுவரை போய்விட்டது.

சிறுமியின் அம்மா கோபப்படவில்லை. ஒரு வரி எழுதினார்: "சார், ஆந்தைக் குஞ்சுக்குச் சொன்ன விதி என் பொண்ணுக்கும் உண்டா?"

யாரோ ஒருவர் முந்திக்கொண்டு, "நம்ம குழுதானே மேடம், எல்லாரும் நல்லவங்க" என்றார்.

"ஆந்தைக்கும் அப்படித்தானே சார்? இங்க எல்லாரும் பறவைமேல உசிரா இருக்கறவங்கதான்."

அட்மின் சாரை நான் மெச்சுவது இந்த இடத்தில்தான். சட்டம், தரவு, தனியுரிமை என்று யாராவது வகுப்பெடுத்திருந்தால் அவர் கொட்டாவி விட்டிருப்பார். கூடு, குஞ்சு, இடம் என்று சொன்னதும் முழுசாகப் புரிந்துவிட்டது. படத்தை அழித்தார். பகிர்ந்தவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு அழிக்கச் சொன்னார். மறுநாளே புது விதி: பிள்ளைகள் படம் முதுகுப்பக்கத்திலிருந்து மட்டும். பேர், பள்ளி, நேரம் கிடையாது. பிள்ளைகளுக்குத் தனிச்செய்தி அனுப்பக் கூடாது, எதுவானாலும் அப்பா அம்மா வழியாக. ஆந்தை காட்டுவதானால் வீட்டுப் பெரியவர் கூட வரும்போது காட்டலாம்.

லென்ஸ் பெரியவருக்குச் சுருக்கென்றது. "அப்போ என்னைச் சந்தேகப்படறீங்களா?"

"சார், ஆந்தைக் கூட்டுக்கு நானே பத்து மீட்டர் தள்ளித்தான் நிக்கறேன். என்னை நானே சந்தேகப்படறேனா?"

பெரியவர் அதற்குப் பதில் எழுதவில்லை. அடுத்த தடவை ஆந்தை பார்க்கப் பையனின் பாட்டியும் சேர்ந்து போனார். கூட்டைப் பாட்டிதான் முதலில் கண்டுபிடித்தார் என்று கேள்வி.

எந்த விதியையும் அளவோடு வைத்துக்கொள்ளத் தெரியாதவர் அட்மின் சார். முதலில் பிள்ளைகளின் பெயரை எடுத்தார். பிறகு பெரியவர்களின் பெயரை எடுத்தார். உலா முடிந்து எடுக்கும் குழுப்படத்தில் முப்பது முதுகுகள் வரிசையாக நிற்கும், யாருடைய மனைவி யார் என்பதில் வீட்டுக்காரர்களுக்கே குழப்பம் வரும். பிறகு இடத்திலும் கை வைத்தார். போன மாத அறிவிப்பு இப்படி வந்தது: "ஞாயிறு காலை ஆறரைக்குத் தென்சென்னையில் ஒரு நீர்நிலை அருகே கூடுகிறோம். குடும்பத்தோடு வரவும்."

பாதிப் பேர் பள்ளிக்கரணைக்குப் போனார்கள். மீதிப் பேர் பெரும்பாக்கத்துக்குப் போனார்கள். ஐந்தாம் வகுப்பு மேடமும் அம்மாவும் அடையாற்று முகத்துவாரத்தில் நின்றுகொண்டு அட்மின் சாருக்குப் போன் போட்டார்கள்.

"சார், எங்க இருக்கீங்க?"

"அதைப் போன்ல சொல்ல முடியாதும்மா" என்றார் அட்மின் சார். பின்னால் நாமக்கோழிகள் கத்துவது கேட்டது.