ஐப்பசியில் பார்த்த மனை

தொண்ணூறுகளின் நடுவில், பெரிய சேமிப்பு எதுவும் இல்லாத குடும்பம்கூடத் தாம்பரத்துக்குத் தெற்கே அரை கிரவுண்டு வாங்க முடிந்தது. சதுர அடி நூறு ரூபாய்க்குள் கிடைத்தது. அந்த இடத்தின் பூர்வோத்திரத்தைத் தெரிந்துகொள்வதுதான் பெரும்பாடு. இன்று என் அக்கா மகளுக்கு எந்த மனையின் சரித்திரமும் கைப்பேசியில் வந்து விழுகிறது. மனைதான் கைக்கு எட்டவில்லை. இந்த இரண்டு காலத்துக்கும் நடுவில் சிறுசேமிப்புக்காரர்களுக்கு என்ன கிடைத்தது, என்ன போனது என்று நான் அடிக்கடி யோசிக்கிறேன்.

அப்போது ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் வண்ணம் அடித்த எல்லைக் கற்கள் முளைத்துக்கொண்டே இருந்தன. ஞாயிற்றுக்கிழமை வேன் வரும், இடத்தைக் காட்டுவார்கள், சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். மாதத் தவணை, கையில் ஓர் அட்டை. எல்லாத் தவணையும் முடிந்த பிறகுதான் பத்திரம். அதற்குள் விற்றவரின் அலுவலகமே காலியாகிவிட்டால், அந்த அட்டையை வைத்துக்கொண்டு யாரிடம் போய்க் கேட்பது? எங்கள் தெருவிலேயே அப்படிப் பணத்தை இழந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் ஏமாளிகள் அல்லர். வாடகை வீட்டில் காலம் தள்ளியவர்களுக்கு வேறு வாசல் திறந்திருக்கவில்லை.

எங்களுக்கு அத்தான் இருந்தார். பத்திர எழுத்தர் ஒருவரிடம் உதவியாளராக வேலை பார்த்தார். தவணைத் திட்டம் வேண்டாம், ஒரே தடவையில் கிரயம் செய்துகொள்ளும் அளவுக்குச் சின்ன இடமாகப் பார்ப்போம் என்றார். அம்மா எடுத்த சீட்டுப் பணம், என் சம்பள அரியர்ஸ், அக்காவின் வளையலை அடகு வைத்த தொகை, இவ்வளவுதான் எங்கள் முதல். மூலப் பத்திரத்திலிருந்து யார் யாருக்குக் கைமாறியது என்று அத்தான் ஒரு தாளில் எழுதி எழுதிப் பார்ப்பார். வில்லங்கச் சான்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். எத்தனை வருஷத்துக்குத் தேட வேண்டுமோ அதற்கேற்பக் கட்டணம். எழுத்தர் தடித்த அட்டவணைப் புத்தகங்களைப் புரட்டிக் கையால் எழுதித் தரும்வரை காத்திருக்க வேண்டும். சிட்டாவும் அடங்கலும் கிராம நிர்வாக அலுவலரின் கையில் இருக்கும். அவர் எப்போது எந்த ஊரில் இருப்பார் என்பதை டீக்கடையில்தான் விசாரிக்க வேண்டும்.

அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் எங்களில் யாருக்கும் தோன்றாத ஒன்றை அவள்தான் சொன்னாள்.

"மாப்பிள்ளை, காகிதமெல்லாம் நீங்க பாத்துக்கங்க. ஐப்பசி மழை ரெண்டு பேஞ்சதும் நான் ஒரு தடவை அந்த எடத்துல போய் நிக்கணும்."

சித்திரையில் பார்த்தபோது முடிச்சூர்ப் பக்கம் ஒரு மனை எங்கள் எல்லோருக்கும் பிடித்துப்போயிருந்தது. விலை குறைவு, பஸ் வசதி உண்டு, பத்திரமும் சுத்தம். ஐப்பசியில் போனோம். எல்லைக் கல்லின் தலை மட்டும் தெரிந்தது. இரண்டு நாளில் வடிந்துவிடும் என்றார் விற்பவர். அம்மா புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்து எந்தப் பக்கம் போகிறது என்று வெகுநேரம் பார்த்தாள். பேரம் பேசவே இல்லை. திரும்பி நடந்துவிட்டாள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் சிக்கியவர்களைப் படகில் மீட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது அம்மா உயிரோடு இல்லை. ஏரிகள் நிறைந்த செங்கல்பட்டுச் சீமையில், மழை முடிந்ததும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்ற அந்த ஒரு யோசனையை மனை வாங்கும் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எந்த இணையதளமும் இன்றைக்கும் அதற்கு ஈடு இல்லை.

கடைசியில் கூடுவாஞ்சேரியைத் தாண்டி அரை கிரவுண்டு கிரயமானது. அக்கம்பக்கத்து மனைகளைப் போல அதுவும் 'பஞ்சாயத்து அப்ரூவல்'தான். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும் என்பதற்கு 1971ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. ஆனால் ஒப்புதல் இல்லாத மனையையும் சார்பதிவாளர் பதிவு செய்தார், அரசு கட்டணத்தை வாங்கிக்கொண்டது. 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய பதிவுகளுக்குத் தடை போட்டபோது, மகள் கல்யாணத்துக்கு மனையை விற்க நினைத்தவர்கள் தவித்துப்போனார்கள். நீதிமன்றத்தின் கவலை நியாயமானது. விளைநிலங்களும் நீர்வழிகளும் மனைகளாகிக்கொண்டிருந்தன. ஆனாலும் பாரத்தைச் சுமந்தவர் கடைசியாக வாங்கியவர். மறு ஆண்டு மே மாதம் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20க்கு முந்தைய மனைப்பிரிவுகளுக்கு வழி பிறந்தது. நாங்களும் கட்டணம் செலுத்தி உத்தரவு வாங்கினோம்.

அக்கா மகள் சிறுசேரியில் வேலை பார்க்கிறாள். சில லட்சம் சேர்த்திருக்கிறாள். சர்வே எண்ணைக் கொடுத்தால் 1975 முதலான வில்லங்கத்தைப் பதிவுத்துறைத் தளத்தில் காசில்லாமல் காட்டுகிறாள். பட்டா, அ-பதிவேடு, வழிகாட்டி மதிப்பு எல்லாம் டீ ஆறுவதற்குள் வந்துவிடுகின்றன. அத்தான் இதைப் பார்த்திருந்தால் பூரித்துப்போயிருப்பார். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்த பிறகு, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரம்கூடச் செய்யக் கூடாது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. அந்தத் தவணை அட்டைக்காரர்களுக்கு இந்த ஒரு விதி இருந்திருந்தால் போதும்.

ஆனால் நாங்கள் வாங்கிய பகுதியில் இப்போது சதுர அடி ஆயிரங்களில் போகிறது. முத்திரைத் தீர்வை ஏழு சதவீதம், பதிவுக் கட்டணம் இரண்டு. இருபது லட்சம் ரூபாய் மனை என்றால் 1,80,000 ரூபாய் அதற்கே போய்விடும், அதைக் கைக்காசாகத்தான் கட்ட வேண்டும். பத்து லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் தங்கள் பெயரில் வாங்கினால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. அந்த வரம்புக்குள் மனை தேடியே அவள் மதுராந்தகத்தையும் தாண்டிப் போகிறாள்.

இதற்கிடையில் ஒருநாள், "மாமா, நானும் ஒரு மாலுக்குப் பங்குக்காரி" என்றாள். வடபழனி விஜயா மாலைத் தன் வசம் வைத்திருக்கும் 'ரீட்' எனும் ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளையில் சில யூனிட் வாங்கியிருக்கிறாள். 2021இல் செபி விதியைத் தளர்த்திய பிறகு ஒற்றை யூனிட்டாகவும் வாங்கலாம். பகிர்ந்தளிக்கத்தக்க வருமானத்தில் தொண்ணூறு சதவீதத்தையாவது யூனிட் வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. சிறிய தொகைக்கு இது நேர்மையான வழி என்றே நினைக்கிறேன். யூனிட் விலை சந்தையோடு ஏறி இறங்கும் என்பதைத் தெரிந்துதான் வாங்கியிருக்கிறாள். ஆனால் அதில் ஓர் அறை கட்டிக் குடியேற முடியாது. அந்த அரை கிரவுண்டில் நாங்கள் கட்டியது ஓட்டு வீடுதான். அக்கா வாடகை கொடுப்பதை நிறுத்திய மாதத்திலிருந்து அவள் பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் தங்கியது. அதனால் மண்ணையும் தேடு என்கிறேன்.

போன மாதம் அவள் பார்த்த மனையை, பவர் வாங்கியவர் விற்க வந்தார். பவர் எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கான சான்றைக் கேட்டாள். தரகர், "அதெல்லாம் பதிவன்னிக்கு வந்துடும்மா, இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்கு, டோக்கன் மட்டும் போட்டுடுங்க" என்றார். அவள் போடவில்லை. இந்த வாரம் வேறொரு சர்வே எண் அனுப்பியிருக்கிறாள். அ-பதிவேட்டில் புஞ்சை என்று இருக்கிறது, நீர்நிலை இல்லை. பாதை பொதுவா, பட்டா நிலத்தின் மேல் போகிறதா என்று புலப்படத்தில் பார்க்க வேண்டும். முன்பணம் பற்றிப் பேசுவதை மழை முடியும்வரை தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறேன்.