அம்பாசிடரின் அடிப்பகுதிக் கசிவு: ஒரு மூலபாட ஆய்வு

பழைய அம்பாசிடருக்கு அடியில் எண்ணெய் சொட்டுகிறது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இல்லை. எங்கிருந்து சொட்டுகிறது என்பதில்தான் இரண்டு மெக்கானிக்குகள்கூட ஒத்துப்போவதில்லை. அந்தக் குறையைத் தீர்க்க இக்கட்டுரை எழவில்லை. தீர்த்துவிட்டால் அடுத்த கட்டுரைக்கு இடமிருக்காது என்பதை ஆய்வுலகம் நன்கறியும்.

முதலில் ஆய்வு எல்லை. 1950களின் இறுதியில் மேற்கு வங்கத்து உத்தரபாராவில் பிறந்து, 2014 மே மாதத்தோடு உற்பத்தி நின்ற வண்டி இது. அதன் பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் மட்டுமே இங்கு ஆராயப்படும். இங்கிலாந்தில் பிறந்த பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது அது. பின்னால் வந்த இசுசு எஞ்சினும் கசியக்கூடும். ஆனால் அது வேறு துறை; அந்தத் துறைத் தலைவருக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

இனி வகைப்பாடு. அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சேம்பரின் பிளக்: வாஷரை மாற்றுக. ஆயில் பிரஷர் சுவிட்ச்: அதையே மாற்றுக. ஆயில் ஃபில்டர்: பழைய ரப்பர் வளையம் காடியிலேயே ஒட்டிக் கிடக்க, அதன்மேல் புதியதை வைத்து முறுக்கியதால் வருவது. பழையதை நீக்காமல் புதியதை ஏற்றி 'திருத்திய பதிப்பு' என்று பெயரிடுவோர் இவ்வகையை எளிதில் உணர்வர். மேல்மூடியான டேப்பெட் கவர்: கார்க் பேக்கிங் காய்ந்து போயிருக்கும். கசிகிறதே என்று நட்டை மேலும் மேலும் இறுக்குவார்கள்; தகரம் வளையும், கார்க் பிதுங்கும், முன்பு சொட்டியது இப்போது வழியும். சைலன்சர் மேனிஃபோல்டுக்குக் கீழே பக்கவாட்டில் இரண்டு கவர்கள் ஒளிந்திருக்கின்றன. கை போகாத இடம் என்பதால் பெரும்பாலான உரையாசிரியர்கள் 'பொருள் வெளிப்படை' என்று சொல்லித் தாண்டிவிடுவர்.

நிற்க. இத்துறையின் தலையாய சான்று அட்டைச் சான்று. இரவில் வண்டிக்கு அடியில் அட்டை விரித்து, காலையில் கறையைப் படிப்பது. இதில் முன்கசிவுக் கொள்கையர், பின்கசிவுக் கொள்கையர் என இரு சாரார் உளர். முன்கசிவுக் கொள்கையர் டைமிங் கவரைச் சுட்டுவர். அங்கே பழைய எஞ்சினில் கம்பளிச் சீல், பிந்தையதில் ரப்பர் சீல். இரண்டும் தேயும் (காண்க: ஃபிரிட்ஜ் வந்த அட்டை, கிழக்கு ஓரம்). பின்கசிவுக் கொள்கையர் அதே அட்டையைத் திருப்பிப் போட்டு மறுப்பர் (மேலது, தலைகீழாக). அட்டை வைத்த பிறகு வண்டி நகர்த்தப்பட்டதா என்ற வினாவுக்கு இருதரப்பும் விடை தந்ததில்லை. மூலக்கறைக்குப் பிரதிகளும் உண்டு. அவற்றுள் ஒன்று செருப்பில் ஒட்டி நடுக்கூடம் வரை பயணித்தது. வீட்டார் பினாயில் ஊற்றித் துடைத்ததால் பாடம் சிதைந்துள்ளது (ஒப்புநோக்குக: கால்மிதி, அடிப்பக்கம்). இன்னொன்று நாளிதழில் படிந்தது. 'மணமகள் தேவை' பத்தியில், சம்பளத்துக்குக் கீழே, சாதிக்கு மேலே பரவியிருக்கிறது. மணமகனின் வயது எண்ணெயில் ஊறி மறைந்ததால் காலக்கணிப்பு கைகூடவில்லை. அந்த வயது 32 என்று ஒருவரும் 37 என்று மற்றொருவரும் கொள்வர். இந்த ஐந்தாண்டு இடைவெளியை மட்டும் ஆராய்ந்து ஒரு முனைவர் பட்டம் வழங்கலாம். அதற்குரிய சூழல் நம் நாட்டில் நிலவுகிறது. எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பது அந்த ஆய்வேட்டில் இடம்பெற வேண்டியதில்லை.

உண்மையில் அட்டை சொல்வது எங்கே விழுந்தது என்பதை மட்டுமே. வண்டி ஓடும்போது விசிறிக் காற்றும் எதிர்க்காற்றும் எண்ணெயைப் பின்னால் தள்ளும். புவியீர்ப்பு கீழே இழுக்கும். டேப்பெட் கவரில் கசிந்தது எஞ்சின் பக்கமாக இறங்கி, சேம்பர் விளிம்பைப் பிடித்து நடந்து, கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் அடியில் போய்ச் சொட்டும். ஒரு முன்னோடி செய்த பிழை பத்து ஆய்வேடுகள் தள்ளி மேற்கோளாகச் சொட்டுவதும் இவ்வாறே.

பின்கசிவுக் கொள்கையரிடமும் ஓர் உண்மை உண்டு. மூன்று மெயின் பேரிங் கொண்ட இந்த எஞ்சினின் அசல் வடிவில், கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது. தண்டிலேயே சுருள்காடி வெட்டியிருக்கிறார்கள். தண்டு சுழலும்போது அந்தக் காடி எண்ணெயைச் சேம்பருக்குள் திருப்பி இழுக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டால் காடிக்கு வேலை இல்லை. மிஞ்சியது மெல்ல வெளியே வரும். பணியில் இருந்தவரை ஒரு பக்கம் வெளியிடாமல், ஓய்வு பெற்ற மறுநாள் முதல் தொகுதி தொகுதியாக வெளியிடும் பேராசிரியரின் இயல்பு இது. மூக்கு மேலே நோக்க மேட்டில் நிறுத்தினாலோ, டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டைத் தாண்டி ஊற்றினாலோ இன்னும் தாராளமாக வரும். ஆயினும் 'ரியர் சீல் போச்சு சார்' என்ற வாக்கு பட்டறை மரபில் நிலைபெற்றுள்ளது. இல்லாத சீலை மாற்ற எஞ்சின் இறங்கும், ரசீது எழும் (ஆதாரம்: மேற்படி ரசீது, பென்சில் எழுத்து, தொகை மட்டும் பேனாவில்). கிடைக்காத நூலுக்கு உரை எழுதிய நம்மவர்க்கு இது வியப்பளிக்காது.

எந்தக் கொள்கையரும் தொடாத இடம் ப்ரீதர் குழாய். பிஸ்டன் வளையங்களைத் தாண்டி வரும் வாயு இதன் வழியே வெளியேற வேண்டும். குழாய் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல பேக்கிங்கையும் தாண்டி எண்ணெயைத் தள்ளும். புதிய சீல் போட்ட சில நாளிலேயே மறுபடி கசிகிறது என்றால் பெரும்பாலும் இதைத்தான் முதலில் ஐயுற வேண்டும். குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்யச் செலவு ஏதுமில்லை. இதன்மேல் எந்தக் கருத்தரங்கும் நடந்ததில்லை என்பதற்கும் அதுவே காரணமாகலாம்.

மூலத்தைக் காண வழியே இல்லையா? உண்டு. எஞ்சின் ஆறியபின் மண்ணெண்ணெய் தோய்த்த பிரஷ்ஷால் அழுக்கை முழுக்கக் கழுவி, வேஸ்ட் துணி வைத்துத் துடைத்து, நன்றாக உலரவிட வேண்டும். சந்தேகப்படும் ஓரங்களில் முகப்பவுடர் தூவி, சற்று நேரம் ஐடிலில் ஓடவிட்டு, பிறகு டார்ச்சைப் பிடித்து மேலிருந்து பார்க்க வேண்டும். வெள்ளையில் எது மிக உயரத்திலும் மிக முன்னாலும் நனைந்திருக்கிறதோ அதுதான் மூலம். இம்முறை ஆய்வுலகில் ஏற்கப்படவில்லை. முந்தைய அறிஞர்களின் கறைகள் எல்லாம் முதல் படியிலேயே அழிந்துவிடுவதால், மேற்கோள் காட்ட எதுவும் மிஞ்சுவதில்லை.

ஆகவே அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யாரிடமும் கருத்துக் கேட்கும் முன் எஞ்சினைக் கழுவிவிடுங்கள், ப்ரீதரைச் சுத்தம் செய்யுங்கள், கவர் நட்டுகளை அளவோடு இறுக்குங்கள். அதற்குப் பிறகும் பின்னால் ராத்திரிக்கு நாலைந்து சொட்டு விழுந்தால், எண்ணெய் பட்டுக் கிளட்ச் நழுவாதவரை எஞ்சினை இறக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.