சட்டிக்கு எதற்கு ராஜா?

ஒரு சாப்பாடு கொஞ்சம் ருசியாக இருந்துவிட்டால் போதும், நமக்குக் கை சும்மா இருக்காது. உடனே ஒரு ராஜாவையோ ராணியையோ பிடித்து அதன் பக்கத்தில் நிறுத்திவிடுவோம். பிரியாணிக்கு மும்தாஜ், மக்ரோனிக்கு மார்க்கோ போலோ. ரெண்டு பேரும் ஒரு வெங்காயமாவது உரித்ததாகச் சரித்திரத்தில் ஆதாரம் கிடையாது.

திண்டுக்கல்லை அடுத்த வடமதுரைப் பக்கம் யாரிடமாவது பேக்ட் பாஸ்தாவை விளக்கிப் பாருங்கள். "மக்ரோனியை முக்கால் பதம் வேகவைக்கணும், நடுவுல கொத்துக்கறி, மேல சீஸ், அப்புறம் மூடி அனல்ல வச்சு..." முடிக்க விடமாட்டார்கள். "தம் போடுறதுதானேப்பா, இதுக்கா இவ்ளோ பில்டப்பு?" இத்தாலிக்காரர் காதில் விழுந்தால் தேம்பி அழுவார். ஆனால் மறுத்துச் சொல்ல அவரிடமும் பாயிண்ட் இருக்காது.

சரி, முதலில் மார்க்கோ போலோ. சீனாவிலிருந்து பாஸ்தாவை இத்தாலிக்குக் கொண்டுவந்த மகான் என்று பள்ளிக்கூடப் பிள்ளை வரைக்கும் சொல்லும். அவர் வெனிஸ் திரும்பியது 1295-ல். அதற்கு 16 வருஷம் முன்பே, 1279-ல், ஜெனோவாவில் ஒரு நோட்டரி ஒருவருடைய சொத்துப் பட்டியலில் 'மக்ரோனி, ஒரு கூடை நிறைய' என்று குறித்து வைத்துவிட்டார். அதற்கும் முன்னால் 1154-லேயே, சிசிலியில் சேமியா மாதிரி ஒன்று செய்து கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்கிறார்கள் என்று அரபுப் புவியியலாளர் அல்-இத்ரிசி எழுதிவிட்டார். அப்புறம் இந்தக் கதை எங்கிருந்து வந்தது? 1929-ல் அமெரிக்க மக்ரோனி முதலாளிகள் நடத்திய 'மக்ரோனி ஜர்னல்' பத்திரிகையில். அதில் போலோவின் கப்பலில் ஒரு மாலுமி வருகிறார், பெயர் ஸ்பெகெட்டி! வாட்ஸப் வரும் முன்பே ஃபார்வர்டு வந்துவிட்டது, பார்த்தீர்களா?

போலோ நம் பக்கமும் வந்தார். பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தில் அரபுக் குதிரைகள் வந்து இறங்குவதைப் பார்த்து வாயைப் பிளந்தார். ராஜா வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிறார், குதிரைகளும் அதே வேகத்தில் செத்துப்போகின்றன. பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று மெனு: குதிரைக்குக் கறியும் சோறும் சேர்த்து வேகவைத்துப் போடுகிறார்களாம்! ஆக, தமிழ்நாட்டில் கறிச்சோறு சாப்பிட்டதற்கு வெளிநாட்டுச் சாட்சியோடு ரெக்கார்டு ஆகியிருக்கும் கஸ்டமர், ஒரு குதிரை.

அடுத்து அமெரிக்க ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன். சீஸ் போட்ட மக்ரோனியை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர் என்று அங்கே இவருக்கு மாலை போடுகிறார்கள். மக்ரோனி மெஷினுக்குத் தன் கையால் படம்கூட வரைந்தார். 1802-ல் ஜனாதிபதி மாளிகை விருந்தில் மக்ரோனியைப் பரிமாறவும் செய்தார். சாப்பிட்ட மனாசே கட்லர் என்ற எம்.பி., உள்ளே இருப்பது வெங்காயம் என்று நினைத்துக்கொண்டார். வாய்க்கு விளங்கவில்லை என்ற தொனியில் எழுதியும் வைத்தார்.

ஆனால் ஜெஃபர்சன் வீட்டில் பிரெஞ்சுச் சமையலை முறைப்படி கற்றவர் ஜேம்ஸ் ஹெமிங்ஸ். ஜெஃபர்சன் பாரிசுக்குக் கூட்டிப்போய்ப் பயிற்சி பெற வைத்த அடிமை. மனிதரெல்லாம் சமம் என்று எழுதிய அதே ஜெஃபர்சன் ஹெமிங்ஸுக்கு விடுதலை கொடுத்தது 1796-ல். அதற்கும் கண்டிஷன் உண்டு: கிளம்பும் முன் இன்னொருவருக்குச் சமையல் முழுக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சமத்துவம் பிறகு, முதலில் டின்னர்.

நம் ஊருக்கு வருவோம். திண்டுக்கல் பிரியாணிக்கு யார் காரணம் என்றால் மலைக்கோட்டையைக் காட்டி, "ஹைதர் அலி" என்பவர்கள் உண்டு. மனிதர் 1755-ல் இங்கே மைசூரின் ஃபௌஜ்தாராக, அதாவது படைத் தலைவராக, வந்தது நிஜம். காயம்பட்ட சிப்பாய்களுக்கு மைசூர் கஜானா பணம் தரும் என்றதும், நன்றாக நடமாடிய சிப்பாய்களுக்கெல்லாம் மஞ்சள் தோய்த்த துணியைக் கட்டி, கணக்குப் பார்க்க வந்தவர் முன்னால் நிறுத்தினாராம். மைசூர் சரித்திரத்தில் கர்னல் வில்க்ஸ் எழுதியிருக்கிறார். திண்டுக்கல்லில் ஹைதர் எதிலாவது மஞ்சள் போட்டதாக என் கண்ணில் பட்ட ஒரே குறிப்பு இதுதான்.

நிஜமாகவே சட்டி வைத்தவர் நாகசாமி நாயுடு. 1957-ல் திண்டுக்கல்லில் கடை திறந்தார். சீரக சம்பா அரிசி, நல்ல ஆட்டுக்கறி. கடைக்கு அவர் ஆசையாக வைத்த பெயர் ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல். ஜனங்கள் அதை மதிக்கவே இல்லை. அவர் தலையில் இருந்த தலைப்பாவைப் பார்த்தார்கள், அதையே பெயராக்கினார்கள். பின்னாளில் அந்தத் தலைப்பா யாருக்குச் சொந்தம் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்கு போனது. ராஜாக்களின் கிரீடத்துக்குக்கூட இத்தனை வக்கீல்கள் வாதாடியதில்லை.

இப்போது முதலில் சொன்ன பேக்ட் பாஸ்தாவின் சமையல். வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தைக்கு வந்த ஆட்டின் கறி கிடைத்தால் யோகம். கொத்துக்கறியை வெங்காயம், தக்காளி, மிளகோடு வதக்கி வேகவிடுங்கள், கொஞ்சம் தளரவே இருக்கட்டும். மக்ரோனியைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு ரெண்டு நிமிஷம் முன்பே வடித்துவிடுங்கள். மீதி வேக்காட்டை அது கறிச்சாற்றில் முடித்துக்கொள்ளும். முழுதாக வெந்ததை அடுக்கினால் களி கிடைக்கும், அதற்கு இத்தாலி வரை போகத் தேவையில்லை.

ஓவன் இல்லையா? பழைய குக்கரில் அடியில் கல்லுப்பைப் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, ஸ்டாண்டின் மேல் அடுக்கிய பாத்திரத்தை வைத்து மூடுங்கள். சின்னத் தீ, அரை மணி நேரம். சீஸ் உருகும், ஆனால் சிவக்காது, ஏனென்றால் சூடு கீழிருந்துதான் வருகிறது. மேலே பொன்னிறம் வேண்டுமென்றால் கனமான சட்டியில் வைத்து மூடி மேல் நெருப்புக் கங்குகளைக் கொட்டுங்கள். கல்யாண வீட்டுப் பிரியாணி மாஸ்டர் எந்த காலேஜிலும் படிக்காமல் செய்கிற அதே வேலைதான்.

நாளைக்கே யாராவது இந்தச் சட்டிக்கும் ஒரு சக்கரவர்த்தியைக் கூட்டிவருவார். வரட்டும், பந்தியில் உட்காரவையுங்கள். உட்கார்ந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அய்யா, அன்னைக்கு அடிப்பிடிச்ச பாத்திரத்தைத் தேய்ச்சது யாரு?" பதில் வராது. தேய்த்தவருக்குச் சரித்திரம் எழுத நேரமில்லை, எழுதியவர்கள் யாரும் தேய்க்கவில்லை.