நாலு காத்தானும் ஒரு கழுமரமும்

நடிகர்களுக்குள் வரும் சண்டையைத் தீர்க்க உலகத்தில் பல வழிகள் உண்டு. சம்பளத்தைக் கூட்டலாம். நோட்டீசில் பேரைக் கொட்டை எழுத்தில் போடலாம். இவரைப் பற்றி அவரிடமும் அவரைப் பற்றி இவரிடமும் கோள் சொல்லி இரண்டு பேரையும் சந்தோசப்படுத்தலாம். எங்கள் பக்கத்தில் கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் பிடித்த வழி வேறு. அவர்கள் கதாநாயகனையே துண்டு போட்டார்கள்.

காத்தவராயன் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆரியமாலை மேல் ஆசைப்பட்டுக் கடைசியில் கழுவேறப் போகிறவன் ஒரே ஒரு காத்தவராயன்தான். ஆனால் மேடையில் ஒரு இரவுக்குள் பாலகாத்தான், முன்காத்தான், நடுக்காத்தான், பின்காத்தான் என்று வரிசையாக வருவார்கள். ஊருக்கு ஊர் பேரும் கணக்கும் கொஞ்சம் மாறும். விடியவிடியப் பாட ஒரு தொண்டை தாங்காது என்பது படித்தவர்கள் சொல்லும் காரணம். தொண்டை மட்டும்தான் காரணம் என்றால் ஆரியமாலைக்கு ஏன் ஆள் மாறாமல் பல ஊர்களில் ஒரே மனிசன் விடியும்வரை சேலையோடு நின்றார் என்று நான் கேட்பேன். உண்மை என்னவென்றால், ஊரில் நாலு பேருக்குத் தாங்கள்தான் நடிகர் திலகம் என்ற எண்ணம் இருந்தது. நாலு பேருடைய மாமன் மச்சான்மாரும்தான் கொட்டகைக்குக் கிடுகும் பெற்றோமாக்சுக்கு எண்ணெயும் தந்தார்கள். அண்ணாவியார் கணக்குத் தெரிந்தவர்.

கிளிநொச்சியில் 1936இல் குடியேற்றம் தொடங்கியபோது யாழ்ப்பாணத்திலிருந்து காணி தேடி வந்த சனம் ஒரு கையில் மண்வெட்டியும் மறுகையில் கூத்துக் கொப்பியுமாக வந்தது. காடு வெட்டி, வாய்க்கால் இழுத்து, அம்மனுக்கு ஒரு கொட்டில் போட்டு முடித்த கையோடு உடுக்கை எடுத்தார்கள். உடுக்கை எடுத்த அன்றே சண்டையும் தொடங்கியிருக்கும். எங்கள் குடும்பத்தில் பெரியப்பா முறையான ஒருவர் இருந்தார். ஊரில் அவருக்கு நடுக்காத்தார் என்றே பேர். மரியாதைக்காகச் சொன்னது போலத் தெரிந்தாலும் அது மரியாதை அல்ல, தண்டனை. நடுக்காத்தான் வருவது நடுச்சாமம் கழித்து. பிள்ளைகள் பாயில் நித்திரை. இளந்தாரிகள் தேத்தண்ணிக் கொட்டிலில். வெற்றிலை போடும் கிழவிகள் மட்டும் முழித்திருப்பார்கள், அவர்களும் தங்களுக்குள் கதைத்துக்கொண்டிருப்பார்கள். கிழக்கு வெளுக்கும் நேரம், எல்லாச் சனமும் முகம் கழுவிக்கொண்டு வந்து குந்தியிருக்கும்போது, கழுமரத்தில் படிபடியாக ஏறி உருக்கமாகப் பாடுகிற பாக்கியம் பின்காத்தானுக்கு. நடுக்காத்தார் பதினெட்டு வருசம் பின்காத்தானைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

அவரை ஆறுதல்படுத்த நான் பெரிய ஆட்களின் கதைகளைச் சொல்வதுண்டு. பாவம், அந்தப் பெரிய ஆட்களுக்குத் துண்டு போட ஒரு அண்ணாவியார் இருக்கவில்லை.

1926. கொழும்பு. கொடுமுடி சுந்தராம்பாள் என்ற பதினெட்டு வயதுப் பெண் அங்கே பாடி ஆடிக் கூட்டத்தை இழுத்துக்கொண்டிருக்கிறாள். தமிழ்நாட்டிலிருந்து செங்கோட்டைக் கிட்டப்பாவைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டால் காசு கொட்டும் என்று கொட்டகைக்காரர்களுக்கு யோசனை. கிட்டப்பாவுக்கு அப்போது இருபது. அந்தம்மாவோடு ஏறினால் உன் பாட்டு எடுபடாது என்று அவருக்குச் சிலர் சொன்னார்களாம். அந்த ஐயரோடு ஏறினால் உன் பேர் கெட்டுப்போகும் என்று இவருக்கும் சிலர் சொல்லியிருப்பார்கள், எங்கள் சனத்தை எனக்குத் தெரியாதா? மைக் இல்லாத காலம். கடைசி வாங்கில் இருக்கிறவனுக்கும் கேட்கப் பாட வேண்டும். அதுவும் வள்ளி திருமணம் என்றால் எழுதிவைத்ததை ஒப்புவித்துவிட்டுப் போக முடியாது. தர்க்கம் வரும். பாட்டாலே கேள்வி, பாட்டாலே பதில். பதில் வராதவன் அந்த இடத்திலேயே காலி. சனம் வள்ளியையும் முருகனையும் பார்க்கப் போகவில்லை, கோழிச்சண்டை பார்க்கப் போனது.

சண்டை பார்க்கப் போன சனத்துக்குக் கிடைத்தது கலியாணம். இரண்டு பேரும் ஒருவர் பாட்டில் ஒருவர் மயங்கி, அடுத்த வருசம் மாயவரத்தில் மாலை மாற்றிக்கொண்டார்கள். கிட்டப்பாவுக்கு வீட்டில் ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தார் என்பது வேறு கதை. முருகனுக்கும் இரண்டுதானே என்று ரசிகர்கள் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். ரசிகர்களுக்குத் தெய்வங்கள் பயன்படும் இடங்கள் இப்படிச் சில உண்டு. பிறகு பிணக்கு, பிரிவு, கடிதம். 1933 டிசம்பரில் கிட்டப்பா 27 வயதில் போய்ச் சேர்ந்தார். சுந்தராம்பாள் வெள்ளைச் சேலை கட்டினார், இனி ஆணோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். அந்த முடிவைக் காப்பாற்றிக்கொண்டே சினிமாவுக்குப் போக அவருக்கு ஒரு வழி கிடைத்தது: தானே ஆணாகிவிடுவது. 1935இல் வந்த நந்தனார் படத்தில் அவர்தான் நந்தனார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். எங்கள் மேடைகளில் அரிச்சந்திரன் மனைவி சந்திரமதி வேசத்துக்கு மீசை மழித்துக்கொண்டு நின்றவர்களுக்கு யாரும் ஒரு மூட்டை நெல்லாவது ஒழுங்காகக் கொடுத்ததில்லை என்பதை இந்த இடத்தில் நடுக்காத்தார் ஒவ்வொரு முறையும் குறுக்கிட்டுச் சொல்வார். பிறகு 1953இல் ஒளவையார், 1964இல் பூம்புகாரில் கவுந்தியடிகள். கதையில் வள்ளியை ஏமாற்ற முருகன் கிழவன் வேசம் போடுவார். இங்கே முருகன் இளமையிலேயே போய்விட, வள்ளிதான் கிழவி வேசம் போட்டு 1980வரை இருந்தாள்.

இந்தக் கதை நடுக்காத்தாருக்குப் பிடிக்காது. அதில் தோற்றவர் யார் என்று தெரியவில்லை என்பார். அவருக்குப் பிடித்தது பாகவதர், சின்னப்பா கதை.

எம்.கே. தியாகராஜ பாகவதர் திருச்சியில் சின்னப் பையனாக மேடையேறியது அரிச்சந்திராவில் லோகிதாசனாக. லோகிதாசன் பாம்பு கடித்துச் செத்துக் கிடக்க வேண்டிய பாத்திரம். தமிழ் சினிமாவின் முதல் பெரிய நட்சத்திரம் தொழில் தொடங்கியதே பிணமாக. பி.யூ. சின்னப்பா புதுக்கோட்டைக்காரர், மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். பாய்ஸ் கம்பெனி என்பது பையன்களின் தொண்டையை நம்பி நடந்த வியாபாரம். மீசை அரும்பும் வயதில் குரல் உடையும், அதற்கு மகரக்கட்டு என்று பேர். நேற்றுவரை ராஜபார்ட் போட்டவனை இன்றைக்குத் திரை இழுக்கச் சொல்வார்கள். சின்னப்பாவுக்கும் தொண்டை கைவிட்டது. அவர் அழுதுகொண்டிருக்கவில்லை. சிலம்பம், குஸ்தி, பாரம் தூக்குதல் என்று உடம்பை வளர்த்தார். பாட முடியாதவன் அடிக்கவாவது பழக வேண்டும் என்பது நல்ல கொள்கை, எங்கள் ஊரிலும் சிலர் கடைப்பிடித்தார்கள்.

குரல் திரும்பி வந்தது. 1940இல் உத்தமபுத்திரன், இரட்டை வேடம். 1944இல் ஜகதலப்பிரதாபனில் ஒரு கச்சேரிக் காட்சி. பாடுகிறவரும் சின்னப்பா, சுற்றியிருந்து வாசிக்கிறவர்களும் சின்னப்பா, மொத்தம் ஐந்து சின்னப்பா. எங்கள் அண்ணாவியார் ஒரு காத்தானை நாலு ஆளாக்கினார், சினிமாக்காரர் ஒரு ஆளை ஐந்தாக்கினார். இதுதான் காசுள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் வித்தியாசம். பக்கவாத்தியக்காரன்கூடப் போட்டிக்கு வராத மேடை எந்த நடிகனின் கனவில் வராது?

அதே 1944 தீபாவளிக்குப் பாகவதரின் ஹரிதாஸ் வந்தது. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம். ஊரெங்கும் பாகவதர் கட்சி, சின்னப்பா கட்சி என்று பிரிந்து, தலைமுடி வளர்த்தவனெல்லாம் இந்தப் பக்கம், தண்டால் எடுத்தவனெல்லாம் அந்தப் பக்கம். ஆனால் படம் வெளியான சில வாரங்களில் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை நடந்தது, அந்த வழக்கில் பாகவதரும் நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனும் உள்ளே போனார்கள். படம் வெளியே ஓடிக்கொண்டிருந்தது, ஆள் உள்ளே இருந்தார். லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் 1947இல் விடுதலையாகித் திரும்பியபோது கட்சிக்காரர்கள் முடி வெட்டிவிட்டார்கள். ராஜமுக்தி 1948இல் வந்து படுத்தது.

சரி, எதிரி இல்லாத மைதானத்தில் சின்னப்பா வென்றிருக்க வேண்டுமே? அவர் புதுக்கோட்டையில் வீடாக வாங்கித் தள்ளினார். இனி இந்த ஆளுக்கு யாரும் வீடு விற்கக் கூடாது என்று சமஸ்தானமே தடை போட்டது என்று இன்றைக்கும் சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, ஒரு நடிகரைப் பார்த்து ராஜா பயந்தார் என்பதில் மேடை ராஜாக்களுக்கு ஒரு தனி ருசி. 1951இல், 35 வயதில், அவரும் போனார். பாகவதர் 1959இல், 49இல். வசனம் பேசுகிறவர்கள் வந்து இரண்டு கட்சியின் கொடியையும் சுருட்டினார்கள்.

எங்கள் பக்கத்தில் இந்தப் போட்டி வேறு விதமாகப் போனது. கூலிக்கு ஆடும் கொட்டகைக் கூத்துக்காரரைக் கனவான்கள் வாசற்படி தாண்ட விட்டதில்லை. 1911இல் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை கொழும்புக்கு வந்துபோன பிறகு, படித்தவர்களும் மேடையேறலாம் என்ற தைரியம் இலங்கையில் சிலருக்கு வந்தது. கலையரசு சொர்ணலிங்கம் அவர்களில் பெரியவர், 1913இல் இலங்கை சுபோத விலாச சபை தொடங்கியவர்களில் ஒருவர். கனவான்கள் காசு வாங்காமல் நடித்தார்கள். காசு வாங்காதவனை விமர்சிப்பது கஷ்டம், அதனால் அவர்கள் எல்லாரும் நல்ல நடிகர்கள்.

காசுக்கு ஆடியவர்களில் ஒருவர் எல்லாரையும் மடக்கினார். காங்கேசன்துறை வி.வி. வைரமுத்து, வசந்த கான சபாக்காரர். அரிச்சந்திராவை முழுதாகப் போட்டால் முன்பாதியில் ராஜா, மந்திரி, முனிவர் என்று பத்துப் பேருக்கு வேலை இருக்கும். சனத்துக்கோ சுடலையில் நின்று வைரமுத்து பாடினால் போதும். மயான காண்டம் மட்டும் தனியாக ஊரூராகப் போனது, ஆயிரக்கணக்கான இரவுகள். அந்த மேடைகளில் ராஜசபை மாயமாய்ப் போய்விட்டது, வெட்டியான்தான் மிச்சம். முன்பாதியில் கிரீடம் வைத்துக்கொண்டு நின்றவர்களின் வயிற்றெரிச்சலை யாராவது தனியாக எழுத வேண்டும்.

வன்னியில் அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் பண்டாரவன்னியன் நாடகம். 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த மன்னன் கதையை முள்ளியவளை முல்லைமணி நாடகமாக எழுதிய பிறகு, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அது ஏறியது. பண்டாரவன்னியனுக்குப் பத்துப் பேர் கைதூக்குவார்கள். இங்கிலிஷ்காரத் துரை வேசத்துக்கும் ஆள் கிடைக்கும், தொப்பி இருக்கிறது. காக்கை வன்னியன்தான் வில்லங்கம். காட்டிக்கொடுத்தவன் என்று ஒரு இரவு பேர் எடுத்தால், பிறகு வயலுக்குத் தண்ணி திறக்கப் போனாலும் அந்தப் பேர்தான் முன்னால் போகும். கோவலன் கூத்தில் தட்டானுக்கும் அதே விதி. ஆனால் தட்டான் ஆடியவர் வீட்டுக்குப் போய்ப் பெருமையாகச் சொல்லலாம், என்னை ஏசாத ஆள் இல்லை என்று. நடுக்காத்தானை ஏசவும் ஒருவரும் முழித்திருக்கவில்லை.

கடைசியில் நடுக்காத்தாருக்கும் ஒரு நாள் வந்தது. பத்தொன்பதாவது வருசம் பின்காத்தானுக்குக் காய்ச்சல். அண்ணாவியார் சுற்றுமுற்றும் பார்த்தார், வேறு ஆள் இல்லை. நடுக்காத்தார் நாலு மணிக்குக் கழுமரத்தடிக்கு வந்தார். மூன்றாவது படியில் கால் வைத்தார், வைகாசியில் பெய்யாத மழை பெய்தது. உடுக்குத் தோல் ஊறித் தொளதொளத்தது. ஆர்மோனியக்காரர் பெட்டியைச் சாக்கால் மூடிக்கொண்டு ஓடினார். சனம் கோயில் தாழ்வாரத்துக்கு ஓடியது. இவர் இறங்கவில்லை. மிச்சப் படிகள் எல்லாம் ஏறி, எல்லாப் பாட்டையும், ஒரு வரி விடாமல் பாடி முடித்ததாகச் சொல்வார். அப்படி ஒரு பின்காத்தான் இரணைமடுவுக்கு வடக்கிலும் இல்லை, தெற்கிலும் இல்லை என்பார். சாட்சிக்கு இரண்டு கிழவிகள் இருந்தார்கள், இரண்டு பேரும் செத்துப்போனார்கள்.

பழைய பின்காத்தார் இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். அந்த வருசத்தைப் பற்றிப் போய்க் கேட்டேன். நெற்றியைச் சுருக்கி நெடுநேரம் யோசித்தார்.

"மழை பெய்தது நல்ல ஞாபகம், தம்பி" என்றார். "அந்த வருசம் கூத்து நடந்ததோ?"