அழிய மறுத்த பேரூராட்சி

எங்கள் நலச் சங்கத்துக்குச் செயலாளராக யாரும் அகப்படாததால் நான் ஆனேன். ஆனவன் சும்மா இருந்திருக்கலாம். 'கம்ப்யூட்டர் தெரிந்த செயலாளர்' என்று பெயர் வாங்கும் ஆசையில் சந்தா நோட்டை மைஎஸ்க்யூஎல்லில் ஏற்றினேன். ஊருக்கு ஒரு டேபிள், தெருவுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, சந்தாவுக்கு ஒன்று. எல்லாவற்றையும் ஃபாரின் கீ போட்டுப் பிணைத்தாயிற்று. ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970-லேயே எழுதிவைத்த ஏற்பாடு சார் அது. தெரு எந்த ஊரைச் சொல்கிறதோ அந்த ஊர், ஊர் டேபிளில் இருந்தே தீர வேண்டும்.

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. பல்லாவரம், பம்மல் உட்பட 5 நகராட்சிகளும், எங்கள் சிட்லபாக்கம் உட்பட 5 பேரூராட்சிகளும் அதில் கரைந்தன. நானும் கடமை தவறாமல் 'சிட்லபாக்கம் பேரூராட்சி' என்ற வரியை டெலிட் செய்தேன். 1451 என்று ஒரு எரர். இதை நம்பித் தெருக்கள் இருக்கின்றன, அழிக்க முடியாது என்று பொருள். கோட்டையில் முடிந்த காரியம் என் லேப்டாப்பில் முடியவில்லை.

சரி, தெருக்களை மாநகராட்சிக்கு மாற்றிவிடலாம் என்று போனால் 1452. மாநகராட்சி என்ற வரியே ஊர் டேபிளில் இல்லையாம். இதைக்கூட அதுதான் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

சிறுசேரியில் வேலை பார்க்கும் மகனுக்குப் போன் போட்டேன். 'ஆன் டிலீட் கேஸ்கேட்' என்று வரிசையாகக் கொடுத்திருந்தால் ஊரோடு தெரு, வீடு, சந்தா எல்லாம் சேர்ந்தே போயிருக்கும் என்றான். பாக்கிக்காரர்கள் எனக்குச் சிலையே வைத்திருப்பார்கள். "அந்த ஃபாரின் கீ சோதனையையே அணைச்சிட்டு அழிச்சா?" என்று கேட்டேன். அழியுமாம். ஆனால் தெருக்கள், இல்லாத ஊரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்; சோதனையைத் திரும்பப் போட்டாலும் ஏற்கெனவே கெட்ட வரிகளை அது சீண்டாது. மாதாந்தரக் கூட்டத்தில் என்னைத்தான் சீண்டுவார்கள்.

அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிராமலே சொன்னாள்: "வாடகை வீடு மாறினப்ப என்ன பண்ணோம்? புது வீட்ல பால் காய்ச்சி, சாமானை ஏத்தினப்புறம்தானே பழைய வீட்டுச் சாவியைக் குடுத்தோம்?"

மாநகராட்சியை முதலில் சேர்த்தேன், தெருக்களை அங்கே மாற்றினேன், அப்புறம் பேரூராட்சியை அழித்தேன். சத்தமில்லாமல் போயிற்று. "அம்மாவையே செயலாளர் ஆக்கிடுங்கப்பா" என்றான் மகன்.

சிட்லபாக்கத்து நண்பர்களே, ஒரு வீட்டுக் கணக்கும் தொலையவில்லை. பாக்கியை ஞாயிற்றுக்கிழமைக்குள் கட்டிவிடுங்கள்.